குதிரை யாருக்கு, வில் யாருக்கு?

சென்ற ஆண்டு இறுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒரு பேரங்காடியில் லெகோ ரசிகர்கள் நடத்திய கண்காட்சிக்குப் போயிருந்தேன். நடுவில் ஒரு கோட்டை. இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டால்தான் கொள்ளும், அவ்வளவு நீளம். கட்டியவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல மனிதர், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். மதிலுக்கு மூன்று நான்கு வகைச் சாம்பல் நிறங்களைக் கலந்திருந்தார். மழைநீர் வழிந்து பாசி பிடிக்கும் இடங்களில் மட்டும் பச்சை. அம்புத் துளைகள் வெளியே ஒடுங்கி உள்ளே விரிந்திருந்தன. நிஜக் கோட்டையில் அப்படித்தான் இருக்கும். "ஹிஸ்டாரிக்கலி அக்குரேட், பாஸ்" என்றார். மதிலைப் பொறுத்தவரை உண்மைதான், நான் மறுக்கவில்லை.

கோட்டைக்கு முன்னால் புல்வெளி. அதில் நாற்பது குதிரைகள். எண்ணிப் பார்த்தேன், எண்ணுவது தொழில்புத்தி. நாற்பதும் ஒரே திசையில், ஈட்டியை நீட்டிக்கொண்டு, கல் மதிலை நோக்கிப் பாய்கின்றன. மதிலுக்கு மேலே ஆறு வில்லாளிகள். மதிலில் போய் முட்டி அந்தக் குதிரைகள் என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றியது. அதைக் கேட்கவில்லை. கொஞ்சம் மரியாதையாக, "அண்ணே, இந்த நாப்பது குதிரைக்கும் தீனி எங்க?" என்றேன்.

சிரித்தார். "தம்பி, இது வெளையாட்டுச் சாமான் லா."

மதிலைப் பற்றிப் பேசினால் வரலாறு. குதிரையைப் பற்றிக் கேட்டால் விளையாட்டுச் சாமான். அன்றிலிருந்து எனக்கு இது தூக்கம் வராத விஷயமாகிவிட்டது.

பிள்ளைகள் எப்படி விளையாடினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சின்ன வயதில் பசார் மாலாமில் வாங்கிய போலிக் கட்டைகள்தான் எனக்கு வாய்த்தன. ஒன்றோடு ஒன்று சரியாக ஒட்டாது, மதில் பாதியில் விழும். என் கோட்டையில் டைனோசர்தான் குதிரை. அது பிரச்சினையே இல்லை. என் சண்டை, முப்பது நாற்பது வயதில் மாதச் சம்பளத்தில் பெரிய துண்டை வெட்டி இதில் போட்டு, 'துல்லியம்' என்ற வார்த்தையைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிகிற எங்கள் கூட்டத்தோடு. 2022இல் வந்த லயன் நைட்ஸ் கோட்டையில் 4,514 துண்டுகள், 22 பொம்மைகள். பெட்டியிலேயே 18 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 18 வயதுக்கு மேற்பட்ட கேள்விகளையும் கேட்கலாம்தானே?

என் கேள்வி இதுதான். இந்தக் கோட்டைகளில் குதிரை யாருக்குக் கிடைக்கிறது, வில் யாருக்குக் கிடைக்கிறது, அதை முடிவு செய்தது யார்?

நான் பிளாஸ்டிக் வார்ப்பு அச்சுகளோடு வேலை செய்கிற பொறியாளன். எனக்குத் தெரிந்த பதில், அச்சு. லெகோ பொம்மையின் கையைக் கவனியுங்கள். தோளில் ஒரு சுழற்சி, மணிக்கட்டில் ஒரு சுழற்சி, அவ்வளவுதான். முழங்கை மடங்காது. இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் ஒன்றுசேராது. அந்தக் கையில் ஒரு ஈட்டியைச் செருகினால் கச்சிதமாக முன்னோக்கி நீளும். ஈட்டிக்கென்றே பிறந்த கை. ஒரு வில்லைக் கொடுத்துப் பாருங்கள். நாணை இழுக்க இன்னொரு கை வேண்டும், அந்தக் கை அங்கே வராது. அதனால் என்ன செய்தார்கள்? வில், நாண், அம்பு எல்லாவற்றையும் ஒரே துண்டாக, இழுத்த நிலையிலேயே வார்த்துவிட்டார்கள். லெகோ வில்லாளியின் வில் இழுத்தபடியே பிறக்கிறது, இழுத்தபடியே பெட்டிக்குள் தூங்குகிறது. நிஜ வில்லாளி யாரும் அப்படிச் செய்ய மாட்டான். வேலை இல்லாத நேரத்தில் நாணைக் கழற்றி வைப்பான், இல்லாவிட்டால் மரம் தளர்ந்துபோகும். மழை வந்தால் நாணை நனையாமல் பத்திரப்படுத்துவான். அந்தக் காத்திருப்பு, அந்தப் பராமரிப்பு, இதற்கெல்லாம் துண்டு கிடையாது. அம்பு எய்யும் ஒரு நொடிக்கு மட்டும்தான் துண்டு இருக்கிறது.

குதிரையும் அப்படித்தான். பொம்மையின் கால்கள் இடுப்பில் மடங்கும், ஆனால் பக்கவாட்டில் விரியாது. ஆகவே குதிரை முதுகில் ஒரு பள்ளம் வெட்டி, ஆளை அதற்குள் நட்டுவைத்தார்கள். அவன் உட்காரவில்லை, குதிரைக்குள் நிற்கிறான். அங்கவடி இல்லை. லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1962இல் எழுதிய புத்தகத்தில், அங்கவடி வந்ததால்தான் ஈட்டியோடு மோதும் குதிரைப்படை வந்தது, அதனால்தான் ஐரோப்பாவில் பிரபுத்துவமே உருவானது என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே சாயரும் ஹில்டனும் அந்த வாதத்தைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். ஒரு இரும்பு வளையம் ஒரு சமூக அமைப்பைப் பெற்றெடுக்காது என்பது அவர்கள் கட்சி. லெகோ கோட்டை இரண்டு தரப்பையும் தாண்டிவிட்டது. அங்கே அங்கவடியும் இல்லை, நிலமும் இல்லை, வரியும் இல்லை, ஆனால் பிரபு மட்டும் குதிரைமேல் முழுசாக முளைத்திருக்கிறார்.

வில்லுக்கு வருகிறேன். கோட்டை வரிசை 1978இல் மஞ்சள் கோட்டையோடு தொடங்கியது. சாம்பல் கட்டை கொடுத்தால் பிள்ளைகள் டாங்கி கட்டுவார்கள் என்று நிறுவனத்துக்குத் தயக்கம், அதனால்தான் மஞ்சள் என்று சொல்வார்கள். அந்த ஆண்டு பொம்மைகளின் கைக்கு வந்த ஆயுதங்கள் வாளும் ஈட்டியும் கோடரி ஈட்டியும். வில் பின்னால்தான் வந்தது. 1987இல் 'ஃபாரஸ்ட்மென்' என்ற காட்டுக் கூட்டம் வந்தது, பச்சைத் தொப்பி, தொப்பியில் இறகு, கையில் வில், மரப்பொந்தில் குடித்தனம். ராபின் ஹுட் சாயல் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்றிலிருந்து எங்கள் மேசைகளில் ஒரு வருணாசிரமம் நிலைபெற்றுவிட்டது. குதிரை இருந்தால் பிரபு. வில் இருந்தால் மதில்மேல் நிற்கும் பெயரில்லாத காவலாள், அல்லது காட்டுக் கள்ளன். குதிரையும் வில்லும் ஒரே ஆளிடம் சேரவே கூடாது.

14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சம்பளக் கணக்கு வேறு கதை சொல்கிறது. மூன்றாம் எட்வர்டின் படைகளில் நடந்து போகும் வில்லாளிக்கு நாளுக்கு 3 பென்ஸ். குதிரையில் போகும் வில்லாளிக்கு 6 பென்ஸ். நைட்டுக்கு 2 ஷில்லிங், அதாவது 24 பென்ஸ். நடுவில் இருப்பவனைப் பாருங்கள். குதிரையில் போகும் வில்லாளி! பிரபு இல்லை, கள்ளனும் இல்லை. ஒரு மட்டக்குதிரை வைத்திருப்பான், அதில் ஏறிப் படையோடு வேகமாகப் போவான், சண்டை என்று வந்தால் இறங்கி நின்று எய்வான். இங்கிலாந்துப் படைகள் பிரான்ஸ் முழுக்க அவ்வளவு வேகமாக நகர்ந்ததற்கு இவனும் ஒரு காரணம். நான் பார்த்த எந்தக் கண்காட்சியிலும் இவன் இல்லை. இத்தனைக்கும் குதிரைத் துண்டு இருக்கிறது, வில் துண்டு இருக்கிறது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். அச்சு தடுக்காத இடத்தில்கூட நம் புத்தி தடுக்கிறது.

வில் என்பது காட்டுக்காரனின் ஆயுதம் என்ற படமும் அரைகுறை. 1363இல் அதே எட்வர்ட், உடல் வலுவுள்ள ஆண்கள் எல்லாரும் பண்டிகை நாட்களில் வில் பழக வேண்டும், பந்து விளையாடி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று ஆணை போட்டான். வில் அங்கே கலகம் இல்லை, கட்டாயப் பயிற்சி. அந்தப் பயிற்சி எலும்பு வரை இறங்கியது. 1545இல் மூழ்கி 1982இல் தூக்கியெடுக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் நூற்றுக்கும் அதிகமான நெடுவில்கள் கிடைத்தன, அம்புகள் 3,500க்கு மேல். ஒவ்வொரு வில்லும் ஏறக்குறைய 2 மீட்டர். நாணை முழுசாக இழுக்க 100 பவுண்டுக்கு மேல் விசை வேண்டும் என்று மதிப்பிடுகிறார்கள். நம் வீட்டுக்கு வாங்கும் 10 கிலோ அரிசி மூட்டை நான்கரையைச் சேர்த்துக் கட்டி இழுப்பதைப் போல, அதுவும் விடாமல் திரும்பத் திரும்ப. அந்தக் கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள்பட்டை நுனி எலும்பு வழக்கம்போல் ஒட்டி வளராமலே இருந்தது. சிறு வயதிலிருந்து வில் இழுத்ததன் தடயமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எங்கள் மேசையில் இருக்கும் வில் பொம்மையைவிடக் குட்டை. வில்லாளியின் தோளும் மற்ற எல்லார் தோளும் ஒரே அச்சு.

நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப வில்லாளிதான் ஹீரோ, நைட்டுதான் வில்லன், அதானே சொல்ல வர்ற?" என்றார். தோட்டத்தில் பிறந்த தாத்தாவின் பேரன் வேறு எப்படி எழுதுவான் என்று ஒரு கிண்டலும். இல்லை. இது அவ்வளவு லேசான கணக்கு இல்லை. 1346 ஜூலையில் கான் நகரைச் சூறையாடியதில் அந்த வில்லாளிகளும் இருந்தார்கள். கிராமங்களைக் கொளுத்திக்கொண்டே போவதுதான் அந்தப் படையெடுப்பின் முறை, மட்டக்குதிரை அதற்கும் உதவியது. 1415இல் அஜின்கோர்ட்டில் பிடிபட்ட கைதிகளைக் கொல்ல உத்தரவு வந்தபோது அதை நிறைவேற்றிய கைகளில் வில்லாளிகளின் கைகளும் உண்டு. அவர்களைப் புனிதராக்கி மேசையில் வைத்தால் அது இன்னொரு ஃபாரஸ்ட்மென் பெட்டி. நான் கேட்பது புனிதம் இல்லை, இடம்.

அந்த இடம் இல்லாமல் போவது நேற்றைய விஷயமும் இல்லை. 1066 ஹேஸ்டிங்ஸ் போரைச் சொல்லும் பேயூ சித்திரத் துணி சுமார் 70 மீட்டர் நீளம். நடுப்பட்டை முழுக்கக் குதிரைவீரர்கள். போரின் கடைசிக் கட்டத்தில் நார்மன் வில்லாளிகள் வரிசையாக வருகிறார்கள், எங்கே தெரியுமா? கீழ் ஓரப் பட்டையில். துணியின் விளிம்பில். லண்டனில் கிடைத்த, சுமார் 1300ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சின்ன உலோகப் பொம்மையும் குதிரைமேல் அமர்ந்த நைட்தான். எழுநூறு வருஷமாகப் பிள்ளைகள் கையில் அதே ஆள். ஆனால் பேயூ துணியைத் தைத்தவர்களுக்கு ஒரு நேர்மை இருந்தது. அதில் குதிரைகள் தலைகுப்புற விழுகின்றன. கழுத்து மடிந்து, கால் மேலே போய், பார்க்கவே வலிக்கும். எங்கள் குதிரைக்கு விழத் தெரியாது. 1984இல் வந்த குதிரை நான்கு காலையும் ஊன்றி நிற்கும். 2012இல் வந்த புதுக் குதிரைக்குப் பின்னங்காலில் மூட்டு வைத்தார்கள், இப்போது அது முன்னங்காலைத் தூக்கி வீரமாக எழும்புகிறது. எழும்பக் கற்றுக்கொடுத்தவர்கள் விழக் கற்றுக்கொடுக்கவில்லை.

கிரெஸியைச் சொல்லாமல் முடியாது. 1346 ஆகஸ்ட் 26. பிரெஞ்சுப் படை கூலிக்கு அமர்த்திய ஜெனோவாக் குறுக்குவில்லாளிகளை முதலில் அனுப்பியது. நாளெல்லாம் நடந்து வந்து களைத்தவர்கள். அவர்களைக் காக்க வேண்டிய பெரிய கேடயங்கள் சாமான் வண்டிகளோடு எங்கோ பின்னால். எதிரே குன்றின்மேல் ஆங்கிலேய நெடுவில்கள். குறுக்குவில்லை ஒருமுறை ஏற்றுவதற்குள் நெடுவில் பலமுறை எய்துவிடும். தாக்குப்பிடிக்க முடியாமல் ஜெனோவாக்காரர்கள் பின்வாங்கினார்கள். பின்னால் நின்ற பிரெஞ்சுப் பிரபுக்களுக்குக் கோபம், கோழைகள், துரோகிகள் என்று. தங்கள் சொந்த வில்லாளிகள் மேலேயே குதிரையை விட்டு மிதித்துக்கொண்டு முன்னேறினார்கள் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். குதிரைக்கும் வில்லுக்கும் இடையே இருந்த உறவு என்ன என்று ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். எதிரிக் குதிரை இல்லை, சொந்தக் குதிரை. அன்று எதிர்ப்பக்கத்தில் இங்கிலாந்து நைட்டுகள் குதிரையை விட்டு இறங்கி, வில்லாளிகளோடு தரையில் நின்றார்கள். இறங்கியவர்கள் ஜெயித்தார்கள்.

கிரெஸி மாதிரிகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் பிரெஞ்சுக் குதிரைகள் அழகாக வரிசை கட்டி ஆங்கிலேயரை நோக்கிப் பாயும். ஜெனோவாக்காரர்கள் இருக்க மாட்டார்கள். "இடம் பத்தல ப்ரோ" என்பார்கள்.

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் லெகோ தெரியாமலே சரியாகிவிடுகிறது. ஒரு கோட்டைக்கு 22 பொம்மைதானா என்று ரசிகர்கள் முணுமுணுப்பார்கள். வேல்ஸ் நாட்டின் கான்வி கோட்டைக்கு 1284இல் விதிக்கப்பட்ட காவல் எவ்வளவு தெரியுமா? 30 பேர். அதில் 15 பேர் குறுக்குவில்லாளிகள். மீதியில் ஒரு பாதிரியார், ஒரு தச்சர், ஒரு கொத்தனார், ஒரு கொல்லர், ஆயுதங்களைச் செய்து பழுதுபார்க்கும் ஒருவர். அவ்வளவு பெரிய கல் மலைக்கு முப்பதே பேர், பாதிப்பேர் வில்லாளிகள். பாயும் குதிரைப்படை அந்தப் பட்டியலிலேயே இல்லை. குதிரை சின்னதாக இருக்கிறது என்றும் கேலி செய்வார்கள். இங்கிலாந்தில் தோண்டியெடுத்த இடைக்காலக் குதிரை எலும்புகளை அளந்த ஆய்வு ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் வெளிவந்தது. போர்க்குதிரைகளில் பெரும்பாலானவை இன்றைய கணக்கில் மட்டக்குதிரை உயரம்தானாம். சினிமாவில் பார்க்கும் யானைக்குட்டிக் குதிரைதான் கற்பனை. லெகோவின் குட்டைக் குதிரை பரவாயில்லை.

இலக்கிய வாசிப்புக் குழுவில் இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றபோது ஒருவர், பொம்மையைப் பற்றியெல்லாம் எதற்குக் கட்டுரை, நாவலைப் பற்றி எழுதலாமே என்றார். சரித்திர நாவல்களில் குதிரைக்குத் தீனி வைக்கிறவன் எத்தனை அத்தியாயத்தில் வருகிறான் என்று எண்ணிவிட்டு அவரே சொல்லட்டும். இன்னொருவர் எதிர்த்திசையிலிருந்து வந்தார். பிள்ளைகள் சாமானில் சாவைக் காட்டலாமா, அந்த நிறுவனமே இன்றைய போர் ஆயுதங்களைத் தவிர்க்கிறதே என்றார். தவிர்க்கிறதுதான். 2020இல் ஆஸ்ப்ரே என்ற ராணுவ விமானத்தின் மாதிரியை எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் 2016இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் பழைய பெட்டிகளையெல்லாம் ஆராய்ந்து, ஆயுதத் துண்டுகள் முதலில் வந்ததே 1978 கோட்டைகளில்தான் என்று காட்டினார்கள். ஆக ஆயுதம் பிரச்சினை இல்லை, தேதிதான் பிரச்சினை. அறுநூறு வருஷம் ஆகிவிட்டால் ஈட்டி அழகாகிவிடுகிறது. அழகான ஈட்டியை நாற்பது குதிரையில் நீட்டலாம், அதன் கீழே விழுந்தவனைக் காட்டினால் மட்டும் வன்முறையா?

கட்டைகள் இல்லை என்பதும் சாக்குதான். 1199இல் சிங்கமனம் கொண்டவன் என்று பெயரெடுத்த முதலாம் ரிச்சர்ட், பிரான்சில் ஷாலூ என்ற சின்னக் கோட்டையை முற்றுகையிட்டபோது மதிலிலிருந்து வந்த ஒரு குறுக்குவில் அம்பு தோளில் பட்டு, காயம் புரையோடிச் செத்தான். எய்தவன் கேடயத்துக்குப் பதிலாக ஒரு வாணலியைப் பிடித்திருந்தான் என்று கதை உண்டு. லெகோவில் குறுக்குவில் இருக்கிறது. வாணலியும் இருக்கிறது. இரண்டையும் ஒரு பொம்மையின் இரண்டு கைகளில் கொடுத்து, மதிலின் உடைந்த மூலையில் நிறுத்த ஐந்து நிமிஷம் ஆகாது. யாரும் செய்வதில்லை. நாங்கள் நான்கு வகைச் சாம்பல் நிறம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

குறை மட்டும் சொல்லக் கூடாது என்று ஆறு மாதமாக நானும் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். கிரெஸி, ஆனால் ஆங்கிலேயர் பக்கத்தின் பின்புறம். குதிரையில் வந்து இறங்கிய வில்லாளிகள். பன்னிரண்டு குதிரைகள், எல்லாம் சேணம் தளர்த்திக் கட்டிவைக்கப்பட்டவை. ஒரு குதிரைக்கு நாளுக்குப் பத்து கிலோ தீனி, இருபது லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன். பன்னிரண்டுக்கு 120 கிலோ, 240 லிட்டர். பீப்பாய்த் துண்டுகள் தீர்ந்துவிட்டன. லத்திக்குப் பழுப்பு நிற உருண்டைத் துண்டுகள், அதற்குத் தட்டுப்பாடே இல்லை. குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நிற்க இரண்டு பையன்கள். நாண் கழற்றிய வில்லுக்கு வெகுநாள் வழி தெரியவில்லை. பிறகு கணக்குப் போட்டேன். நாண் கழற்றிய நெடுவில் ஏறக்குறைய நேரான கம்புதான். பொம்மை உயரம் சுமார் 4 சென்டிமீட்டர், வில் அதைவிடக் கொஞ்சம் நீளம். ஆறு குமிழ் நீளமுள்ள கம்பித் துண்டு 48 மில்லிமீட்டர். கையில் கொடுத்ததும் பொம்மை முதல்முறையாக எதையும் எய்யாமல், சும்மா களைத்து நின்றது. கம்பை ஊன்றிக்கொண்டு.

பார்த்த நண்பர்கள், "சண்டையே இல்லையே ப்ரோ" என்றார்கள். மேசையின் இன்னொரு முனையில் இருக்கிறது சண்டை. அங்கேதான் ஜெனோவாக்காரர்கள் வர வேண்டும். குதிரைக் காலடியில் பொம்மையைக் கிடத்தினால் குதிரை சாய்கிறது, அதைக்கூட ஒரு ஊசித் துண்டு வைத்துச் சரிசெய்துவிட்டேன். சரிசெய்ய முடியாதது முகம். என்னிடம் இருக்கும் தலைகள் எல்லாம் பழைய மஞ்சள் தலைகள், இரண்டு புள்ளி, ஒரு சிரிப்பு. மிதிபடும்போதும் சிரிக்கிறார்கள். இப்போதைக்குக் குப்புறப் படுக்கவைத்திருக்கிறேன். சிரிக்காத தலை யாரிடமாவது உபரியாக இருந்தால் சொல்லுங்கள், ஒரு பதினைந்து வேண்டும். அதற்குப் பதிலாக என்னிடம் மிச்சமிருக்கும் ஈட்டிகள் அத்தனையும் தருகிறேன்.